தட்டில் ஃபோராம் இல்லையென்றால் கடலில் இல்லை என்று அர்த்தமா?

செங்கோட்டை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து நுண்புதைபடிவம் படிக்க வரும் பிள்ளைகள் போடும் முதல் வரைபடம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி 5 முதல் 6 டிகிரி வரை சூடான பேலியோசீன்–இயோசீன் உச்ச வெப்பக்காலம், சுருக்கமாக பி.இ.டி.எம்., வந்ததும் ஃபோராம்களின், அதாவது பெரும்பாலும் சுண்ணாம்பு ஓடு கட்டும் ஒற்றைச்செல் கடலுயிர்களின், எண்ணிக்கைக் கோடு தரையைத் தொட்டுவிடும். பக்கத்தில் ‘உயிர்கள் அழிந்தன’ என்று ஒரு அம்புக்குறி.

அன்று கடல் முழுக்க ஒரே கதை நடக்கவில்லை. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராம் இனங்களில் 30 முதல் 50 விழுக்காடு அழிந்தது உண்மை. மேல்நீரில் மிதந்தவற்றில் அப்படிக் கூட்டச்சாவு இல்லை. அகாரினினா, மொரோசொவெல்லா வகைகள் பெருகின, வெப்பம் நீடித்த காலத்துக்கு மட்டும் தலைகாட்டிப் போன வடிவங்களும் உண்டு. அபெக்டோடினியம் என்ற வெப்பநீர் டைனோஃபிளாஜெல்லேட் (ஒற்றைச்செல் மிதவை உயிர்) துருவக் கடல் வரை பரவியது. ஆழமில்லாத வெப்பக் கடல்களில் பவளத்திட்டுகள் ஒடுங்க, நும்முலைட்டிஸ் போன்ற பெரிய ஃபோராம்கள் இடம்பிடித்தன. இதையெல்லாம் ஒரே சதவீதமாக எழுதுகிறவருக்கு மார்க் போடக் கூடாது.

லேபிள் ஒட்ட மறப்பது, பாக்கெட் மாறிப்போவது எல்லாம் ஒருதடவை திட்டு வாங்கினால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

150 மைக்ரான் சல்லடையோடு நிறுத்திக்கொள்வது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. மிதவை ஃபோராம்களை 150 மைக்ரானுக்கு மேல் எண்ணுவது பழைய வழக்கம்; பனியுகக் கடலின் வெப்பநிலையை வரைந்த கிளைமேப் திட்டத்தின் அளவு அது. அந்த வேலைக்குச் சரி. லேபில் முதலில் கைக்கு வருவதும் அந்தச் சல்லடைதான். ஓடுகள் பெரிசு, கண் வலிக்காது, சாயங்கால பஸ்ஸுக்குள் நாலு சாம்பிள் முடிந்துவிடும்.

ஆனால் ஆழ்கடல் தரையின் பி.இ.டி.எம். கதையே அளவு மாறிய கதை. வெப்பத்துக்கு முன் ஸ்டென்சியோயினா பெக்காரிஃபார்மிஸ் மாதிரி தடித்த ஓடுள்ளவை ஏராளம். அவை 150-இல் தங்கும். அந்த இனம் அழிந்த பிறகு பி.இ.டி.எம். படிவு அடுக்கை நிரப்பியவை சிறியவை, மெல்லிய ஓடுள்ளவை. சுடுநீரில் உடலின் தேவை கூடும், மேலிருந்து விழும் இரை போதாது, அடிநீரில் ஆக்சிஜனும் குறைவு. சின்ன உடம்போடு சீக்கிரம் பெருகுகிறதுதான் தாக்குப்பிடிக்கும். டப்பானினா செல்மென்சிஸ் அந்தக் கூட்டத்தின் ஆள். இவற்றில் பெரும்பகுதி 63-க்கும் 125 மைக்ரானுக்கும் நடுவில் கிடக்கும்.

150-இல் கழுவினால் என்ன ஆகும்? அடுக்குக்குக் கீழே எடுத்த சாம்பிளில், ஓடு பொறுக்கும் தட்டு நிறையும். அடுக்கில் தட்டு காலி. “தண்ணி நல்லா தெளியிற வரைக்கும் கழுவினோம் சார்” என்று பெருமையாகச் சொல்வார்கள். தெளிந்தது சரி, கலங்கலோடு சிங்க்கில் போனவைதான் பிழைத்த இனங்கள். கடலில் உயிர் அழிந்ததற்கு ஆதாரமாக ஆய்வேட்டில் வருவது சல்லடையின் கண் அளவு.

இதில் பணமும் போகிறது. ஆழ்கடல் கோரிலிருந்து (துளையிட்டு எடுத்த உருளைப் படிவிலிருந்து) ஒரு சாம்பிளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10 கனசென்டிமீட்டர். அண்டார்டிகா அருகே மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டில் எடுத்த 690-ஆம் துளை மாதிரி பேர்பெற்ற கோர்களில், எல்லோரும் கேட்கிற அந்தச் சில சென்டிமீட்டரில் மிச்சம் குறைவு. கொட்டியதைத் திரும்பக் கேட்க முடியாது. மிச்சப் பாக்கெட் எதுவும் வைக்காமல் மொத்தத்தையும் கழுவியிருந்தால் ஆய்வேடே முடிந்தது. அப்படி முடிந்தவை உண்டு.

செய்முறை இது. கழுவுமுன் நிலக்கடலை அளவு கச்சா மண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள்; சல்லடையில் தங்காத மிகச்சிறு நானோபுதைபடிவங்களைப் பார்க்க, கண்ணாடியில் மண்ணைத் தடவிச் செய்யும் ஸ்மியர் ஸ்லைடு அதிலிருந்துதான் போட முடியும். மீதியை 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி எடை பாருங்கள். களிமண்ணைப் பிரிக்கும் கால்கன் உப்பு ஒரு சிட்டிகை கலந்த தண்ணீரில் ஓரிரவு ஊறட்டும். 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய பீச்சலில் கழுவுங்கள். கண்ணியை விரலால் தேய்த்தால் ஓடும் நொறுங்கும், சல்லடையும் கிழியும். வடிதாளில் இறக்கி உலர்த்தியபின், உலர்சல்லடையில் 63–125, 125–150, 150-க்கு மேல் என்று பிரித்துத் தனித்தனி குப்பியில் போடுங்கள். சிறிய பகுதியில் ஆயிரக்கணக்கில் இருக்கும்; ஸ்பிளிட்டரில் பாதி பாதியாகப் பிரித்து, சுமார் 300 ஓடுகள் வரும் பங்கை எடுத்து அதை முழுசாக எண்ணுங்கள். எத்தனை தடவை பிரித்தோம் என்பதைக் குப்பியிலேயே எழுதுங்கள். அது இல்லாமல் ஒரு கிராமுக்கு எத்தனை என்ற கணக்கு வராது.

கிணற்றுத் தண்ணீரில் ஊறவைப்பது

நம் பக்கத்துச் செம்பாறை மண்ணில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் அமிலம் கலந்தது; பி.எச். 6-க்குக் கீழும் இறங்கும். குடிக்க ருசியாக இருக்கும். மெல்லிய சுண்ணாம்பு ஓட்டை ஓரிரவில் அரிக்கவும் செய்யும். காய்ச்சி வடித்த தண்ணீர் என்றாலும் நம்பாதீர்கள், அதிலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசான அமிலம் ஏறியிருக்கும். பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள், சில சொட்டு அம்மோனியா விட்டு 8-க்குக் கொண்டுவாருங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

சாரல் காலத்து அலமாரி இன்னொரு வில்லன். கருப்புக் களிமண்ணில் பைரைட் இருந்தால், ஈரக்காற்று பட்டு கந்தக அமிலம் உண்டாகி பாக்கெட்டுக்குள்ளேயே ஓட்டைத் தின்றுவிடும். கழுவிய எச்சத்தில் பளபளக்கும் ஜிப்சம் ஊசிகள் நிறையத் தெரிந்தால் முதலில் சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். அலமாரியில் நடந்த அமிலமாதலை இயோசீன் கடலின் தலையில் கட்டக் கூடாது.

உண்மையான கரைவையும் சாவென்று எழுதுவது

கடலிலும் கரைவு நடந்தது. தெற்கு அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில், சுண்ணாம்பு கரைந்துபோகும் ஆழ எல்லை 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து, வெள்ளை அடுக்குக்கு நடுவே செங்களிமண் பட்டை விழுந்தது. அந்தப் பட்டையில் ஓடு இல்லாததை மட்டும் வைத்து மேல்நீர் வெறுமையாகக் கிடந்தது என்று சொல்ல முடியாது. கரைவு எவ்வளவு என்று தெரிய, உடைந்த மிதவை ஓடுகளின் பங்கைத் தனியாக எண்ணுங்கள். மீன் பற்களைப் பொறுக்குங்கள். அவை அபடைட் என்பதால் இந்தக் கரைவுக்குத் தப்பும். மணல் ஒட்டிக் கூடு கட்டும் ஃபோராம்களும் நிற்கும்.

சல்லடையை அலசிவிட்டோம் என்று நம்புவது

கண்ணியில் சிக்கிய ஓடு அடுத்த சாம்பிளில் விழும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவில் சல்லடையை மெத்திலீன் புளூ சாயத்தில் முக்கி அலசுங்கள். அடுத்த தட்டில் நீலமாகத் தெரிவது விருந்தாளி, எண்ணாதீர்கள். அழிந்த இனம் பத்து சென்டிமீட்டர் மேலே ‘மீண்டும் தோன்றிய’ அதிசயங்களில் சில இப்படிப் பிறந்தவை.

அரை மீட்டருக்கு ஒரு சாம்பிள்

ஆயிரம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் படியும் இடத்தில் 50 சென்டிமீட்டர் என்பது 50,000 ஆண்டு. வெப்பம் ஏறியது சில ஆயிரம் ஆண்டுகளில். முழு நிகழ்வும் சுமார் 2 லட்சம் ஆண்டுக்குள். முதலில் பி.இ.டி.எம். தொடக்கத்தைக் காட்டும் கார்பன் ஐசோடோப்பு சரிவைக் கண்டுபிடித்து, அதன் இருபுறமும் 1–2 சென்டிமீட்டருக்கு ஒன்று எடுங்கள். அதற்கும் நெருக்கி எடுத்துப் பலனில்லை, புழுக்கள் கிளறிவிட்டிருக்கும். அரிய இனத்தின் கடைசி ஓடு கிடைத்த இடமும் அது அழிந்த இடமும் ஒன்றல்ல. 1982-இல் சிக்னரும் லிப்ஸும் காட்டிய விளைவு இது. அரிதாக இருப்பது எப்போதும் சீக்கிரமே ‘அழியும்’.

படப்பக்கரையில் பி.இ.டி.எம். தேடுவது

கிடைக்காது. அஷ்டமுடிக் காயல் கரையிலுள்ள கொல்லம் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது. ஏறக்குறைய 4 கோடி ஆண்டு பிந்தியது. பெரிய ஃபோராம்களும் சிப்பிகளும் பார்த்துப் பழக அருமையான இடம்.

வர்க்கலாவில் சுத்தியல்

தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கைவைக்காதீர்கள்.

பனிபூத்த ஓட்டில் வெப்பநிலை அளப்பது

நுண்ணோக்கியில் ஓடு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளையாக, சர்க்கரை பூசினாற்போல இருந்தால் அது கடல்தரையில் மறுபடிகமானது. வெப்பநிலை கணக்கிட உதவும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் அங்கிருந்த குளிர்நீரின் கணக்கைக் கலந்து தரும். வெப்பமண்டலக் கடல் உண்மையைவிடக் குளிராகத் தெரியும். கரையோரப் படிவு என்றால் ஆற்றுநீர் கலப்பும் அதே எண்ணை எதிர்ப்பக்கம் தள்ளும். ஓட்டின் மக்னீசியம்–கால்சியம் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்காமல் டிகிரி எழுதாதீர்கள்.

இந்தியப் பெருங்கடல் கோர் கொச்சியில் இருக்கிறதாமே?

ஜப்பானில் உள்ள கொச்சியில். விண்ணப்பம் மின்னஞ்சலில் போகும், களியக்காவிளையில் பஸ் ஏற வேண்டாம்.