பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் உலர்தாவர மாதிரி சேகரித்தல்

செடி அல்லது மரத்தின் கிளையை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, குறிப்புடன் பாதுகாப்பதே உலர்தாவர மாதிரி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவைப் போன்ற இடத்தில் ஒவ்வொரு மரமும் ஆய்வுக்கும் பாடத்துக்கும் உரியது. ஆகவே பொறுப்பாளரின் அனுமதி பெறாமல் ஒரு தளிரையும் கிள்ளக் கூடாது.

காலைப் பனி உலர்ந்தபின், பூவோ காயோ உள்ள சிறு கிளையைக் கத்தரியுங்கள். வெட்டும் முன்பே குறிப்பேட்டைத் திறப்பது அவசியம். கொங்கு மேய்ச்சல் காடுகளில் வெள்வேலையும் கருவேலையும் பட்டையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் தாளில் ஒட்டிய கிளையில் அந்தப் பட்டை இருக்காது, வெள்வேலின் வெளிர்நிறப் பூவும் கருவேலின் மஞ்சள் பூவும் காய்ந்தபின் நிறம் மங்கிவிடும். எனவே பட்டை, பூவின் நிறம், மணம், மரத்தின் உயரம், இடம், நாள் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். என் கருத்தில் மாதிரியின் பாதி மதிப்பு இக்குறிப்பில்தான் இருக்கிறது.

கிளையைச் செய்தித்தாளில் விரித்து, ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பி வைத்து, பலகைகளுக்கிடையில் இறுக்கிக் கட்டுங்கள். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். ஐப்பசி அடைமழையில் இருவேளையும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நன்கு காய்ந்ததை 42 × 28 செ.மீ. அளவுள்ள கெட்டித்தாளில் ஒட்டி, வலது கீழ்மூலையில் விவரச்சீட்டை இடுங்கள். பெயரில் ஐயம் இருந்தால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத் தென்மண்டல மையத்தின் உலர்தாவரத் தொகுப்பில் அனுமதி பெற்று ஒப்பிடலாம். பூங்கா அம்மரத்துக்கு எண் இட்டிருந்தால் அதையும் சீட்டில் சேருங்கள். பின்னாளில் வரும் ஆய்வாளர் அதே மரத்தைத் தேடி வர அது உதவும்.