துப்பே துயரமாகும் அத்தியாயத்தை எழுதும் முறை

மர்மத் திரைத்தொடரில் உணர்ச்சிமிக்க அத்தியாயத்தை எழுதுபவர், துப்பையும் துயரத்தையும் தனித்தனிக் காட்சிகளாகப் பிரிக்காமல் ஒரே பொருளில் ஏற்றிவைக்க வேண்டும். கதை கேரள எல்லையை ஒட்டிய மலையடிவார ஊரான செங்கோட்டையில் நடப்பதாகக் கொள்வோம். காணாமற்போன மகனின் அழுக்குச் சட்டையைத் துவைக்க எடுக்கும் தாயின் கையில், சாரலில் நனைந்து மடிப்போடு ஒட்டிப்போன, மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள புனலூருக்கான பேருந்துச் சீட்டு ஒன்று அகப்படுகிறது. அவன் முன்பே ஆரியங்காவுக் கணவாய் வழியே போய்வந்திருக்கிறான் என்பது காவலருக்குத் துப்பு, தன்னிடம் சொல்லாமல் போனான் என்பது அவளுக்கு அடி.

அந்தச் சீட்டை அவள் அடுப்புமேட்டில் பிரித்து உலர்த்தும் வரை வசனமே வேண்டாம். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் சாரலின் ஓசை இருக்க, பின்னணியில் வயலின் எதற்கு? (சித்திரை வெயிலில் படம்பிடித்துக் குழாய்நீரைத் தெளிப்பவர்களை என்ன சொல்வது!)

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் (இன்றைய கேரளத்தின் பெரும்பகுதி) இருந்ததால், உறவும் பகையும் மலையின் இருபுறமும் பரவிய குடும்பத்தைப் படைப்பது இயல்பாக அமையும்.

குற்றவாளியை இங்கே காட்டிவிடாதீர்கள். அழுகை அடங்கிய பின், அந்தச் சீட்டு இருவருக்கானது என்பதைத் தாய் கவனிக்கட்டும்.