மின்சாரம், கேஸ் கம்பெனி மாற்றும்போது கடைசி பில்லில் பணம் போகும் இடங்கள்

இங்கே பிரிட்டனில் மின்சாரக் கம்பெனி மாற்றி மூன்று வாரம் கழித்து, பழைய கம்பெனியிடமிருந்து எனக்குக் கடைசி பில் வந்தது. மாறிய அன்று மீட்டரில் 48,910 இருந்ததாகப் போட்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மீட்டரில் இருந்தது 48,400. மூன்று வாரம் கூடுதலாக ஓடியும் அவர்கள் போட்ட எண்ணை அது இன்னும் தொடவே இல்லை. பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எஸ்டிமேட்டட்’ என்று அச்சாகியிருந்ததைக் கவனித்தேன். யாரும் வந்து பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட கணக்கு அது.

மாறிய அன்று காலையில் மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தேன்: 48,240. அதைத்தான் புதிய கம்பெனிக்கும் கொடுத்திருந்தேன். ஆக, நடுவில் உள்ள 670 யூனிட்டுக்குப் பழைய கம்பெனியும் பணம் கேட்கிறது, புதிய கம்பெனியும் கேட்கப்போகிறது. யூனிட் 27 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்) என்று வைத்தால் 180 பவுண்டுக்கு மேல் இரண்டு தரம் கட்ட வேண்டியிருக்கும். படத்தை அனுப்பி, பேசி, பில்லைத் திருத்தி வாங்க ஒரு மாதம் ஆனது. படம் இல்லாவிட்டால் எதைக் காட்டிப் பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம். அங்கே ஒரே மின்வாரியம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. ஆள் வந்து ரீடிங் எடுத்துப் போவார், நாம் கட்டினால் போதும். இங்கே கம்பெனிகள் பல. தானாகவே ரீடிங் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டில் நாம் எண்ணைச் சொல்லாவிட்டால் அவர்களாக ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். கம்பெனி மாறும் நாளில் மட்டும் அப்படி விட்டுவிடவே கூடாது. அன்றைய எண் பழைய கம்பெனிக்கு முடிவு ரீடிங், புதிய கம்பெனிக்கு அதுவே தொடக்க ரீடிங். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாக வேண்டும்.

‘இரண்டு கம்பெனியும் ஒரே உத்தேச எண்ணைப் போட்டால் என்ன நஷ்டம், பின்னால் சரியாகிவிடாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. யூனிட் கணக்கு சரியாகிவிடும். பணக் கணக்கு ஆகாது. பழைய விலை 27 பென்ஸ், புதிய விலை 24 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 600 யூனிட் கூடுதலாக எழுதியிருந்தால், 24-க்குக் கிடைக்க வேண்டிய அந்த 600 யூனிட்டுக்கு 27 கொடுத்திருப்பீர்கள். விலை குறைவு என்றுதானே மாறினீர்கள்?

ரீடிங்கைப் பொதுவாகப் புதிய கம்பெனிதான் கேட்கும். மாறும் நாளுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் கொடுத்தால் ஏற்பார்கள், ஆனால் அதே நாளில் எடுப்பதுதான் சிறப்பு. சரிபார்த்தபின் அந்த எண் பழைய கம்பெனிக்குப் போய்ச் சேரும். 2022 ஜூலை முதல் மாற்றம் ஐந்து வேலை நாளில் முடிந்துவிடுகிறது. முன்பு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இன்னும் நாள் இருக்கிறது என்று சும்மா இருந்து தேதியைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறும் தேதி மின்னஞ்சலில் வந்தவுடனே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது எண்ணோடு சேர்த்து மீட்டரின் சீரியல் எண்ணும் விழ வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் எல்லா மீட்டரும் கீழே ஒரே அறையில் வரிசையாக இருக்கும். பக்கத்து வீட்டு மீட்டரை நம்முடையது என்று நினைத்து எழுதுவது நிறையவே நடக்கிறது. பில்லில் உள்ள சீரியல் எண்ணும் மீட்டரில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

படிப்பதிலும் தவறு வரும். டிஜிட்டல் மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களையும், சிவப்பில் இருப்பதையும் விட்டுவிட வேண்டும். ஒரு இலக்கம் கூடினால் பில் பத்து மடங்கு எகிறும். கடிகாரம் மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள் உள்ள பழைய மீட்டர் என்றால் நிதானமாகப் பாருங்கள். அடுத்தடுத்த வட்டங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால் சின்ன எண்ணை எழுத வேண்டும், 9-க்கும் 0-வுக்கும் நடுவில் நின்றால் மட்டும் 9. இரவில் மலிவு விலை தரும் எகனாமி 7 திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என இரண்டு எண் உண்டு. எது எது என்று குறித்துக் கொடுக்காமல் இரண்டும் இடம் மாறிப் போனால், பகல் விலையில் இரவுக் கணக்கை எழுதிவிடுவார்கள். இரவில் தண்ணீர் சூடாக்கும் வீடுகளுக்கு இது பெரிய அடி.

கேஸில் நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது அளவு முறையை. பழைய மீட்டர்கள் கன அடியில் அளக்கும், புதியவை கன மீட்டரில். மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கும். பில் போடும்போது இந்த அளவைக் கிலோவாட் மணியாக மாற்றுவார்கள். மீட்டரில் 100 ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டர் என்றால் அது ஏறக்குறைய 1,120 கிலோவாட் மணி. நூறு கன அடி ஓர் அலகாகக் கணக்கிடும் மீட்டர் என்றால் 2.83 மடங்கு, அதாவது 3,170-க்கும் மேல். 6 பென்ஸ் விலையில் முதலாவது 67 பவுண்ட், இரண்டாவது 190 பவுண்ட். உங்கள் மீட்டர் எந்த வகை என்பதைப் புதிய கம்பெனி தவறாகப் பதிந்திருந்தால், நீங்கள் கொடுத்த எண் சரியாக இருந்தும் பில் தப்பாகத்தான் வரும். முதல் பில்லிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது, எல்லாம் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்களில் பல, கம்பெனி மாறியதும் எண் அனுப்புவதை நிறுத்தியிருக்கின்றன. பிறகு அது சாதாரண மீட்டர் மாதிரிதான். அதோடு, சமையலறையில் வைத்திருக்கும் சின்னத் திரையில் இன்று எத்தனை பவுண்ட் செலவு என்று காட்டுவது ரீடிங் ஆகாது. மீட்டரிடமே போய், பட்டனை அழுத்தி எண்ணைப் பாருங்கள்.

அப்புறம் டைரக்ட் டெபிட், அதாவது நம் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனி தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மாறும் தேதி வந்ததும் வங்கியில் அதை ரத்து செய்துவிடுவது பலருடைய பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். கடைசி பில்லில் பாக்கி இருந்தால் அது கட்டாமல் நின்று, கடன் வசூல் கடிதம் வரை போகும். நீங்கள் கூடுதலாகக் கட்டிய வரவு இருந்தால், திருப்பித் தருவதும் பல கம்பெனிகளில் அந்த வழியாகத்தான் வரும். கடைசி பில் வந்து கணக்கு பூஜ்யம் ஆன பிறகு ரத்து செய்யலாம். ஒப்பந்தக் காலம் முடிய 49 நாள் இருக்கும்போதிலிருந்து வெளியேறும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் தேதியை எண்ணிப் பாருங்கள்.

மாறிய ஆறு வாரத்துக்குள் கடைசி பில் வந்தாக வேண்டும், வரவுத் தொகை அதற்கடுத்த பத்து வேலை நாளில் வர வேண்டும். தவறினால் கம்பெனி தானாகவே இழப்பீடு தர வேண்டும் என்பது கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்திருக்கும் விதி. ஒரு வருடத்துக்கும் முன்பு நீங்கள் எரித்த மின்சாரத்துக்கு, அவர்கள் தவறால் பில் போடாமல் விட்டதை இப்போது கேட்டால், அதைக் கட்ட வேண்டியதில்லை. 2018 முதல் இருக்கும் பாதுகாப்பு இது. பழைய கம்பெனி திடீரென்று பெரிய தொகை கேட்டு எழுதினால், பயந்து கட்டும் முன் எந்தக் காலத்துக்கு என்று கேளுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள், படத்தை இணையுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், மின்சார, கேஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். நமக்குச் செலவு இல்லை, அவர்கள் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டில் வயதான அம்மா அப்பா மட்டும் இருக்கிறார்கள், குனிந்து மீட்டரைப் பார்க்க முடியாது, வேறு ஆளும் இல்லை என்றால், கம்பெனியின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இலவசமாக ஆள் வந்து ரீடிங் எடுப்பார். கம்பெனி மாறினால் இந்தப் பதிவும் கூடவே வரும் என்று நம்பி இருக்காமல், புதிய கம்பெனியிடம் முதல் நாளே மறுபடி சொல்லிவிடுங்கள்.