பலாலி – சென்னை: தூரமும் நேரமும் நீங்களே கணிக்கலாம்

பலாலியிலிருந்து சென்னைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று யாராவது கேட்டால் நான் விடையைச் சொல்லுவதில்லை. கணக்குப் படிப்பித்த பழக்கம், அட்லஸைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியின் அகலாங்கு 9.8 பாகை வடக்கு, சென்னை விமான நிலையம் இருக்கிற மீனம்பாக்கம் 13.0. நெட்டாங்கு இரண்டுக்கும் 80 பாகையை ஒட்டித்தான். அதாவது சென்னை எங்களுக்கு நேர் வடக்கே. வித்தியாசம் 3.2 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். பெருக்கினால் 355. அவ்வளவுதான்.

பலாலியிலிருந்து திருச்சி சரிவாக இருப்பதால் பைதகரசைக் கூப்பிட வேண்டும். வடக்கே 108, மேற்கே 149 கிலோமீற்றர், கர்ணம் 184. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இந்த முக்கோணம் சரிவராது, பூமியின் வளைவு காலை வாரிவிடும். அதற்கு இணையத்தில் பார்ப்பதே நல்லது.

இனி நேரம். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால் ரிக்கற்றில் ஒன்றேகால் மணித்தியாலம் போட்டிருக்கும். மிச்ச அரை மணித்தியாலம் எங்கே போனது? ரிக்கற் நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைவதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்வது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள். கொழும்புக்கான விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவிலிருந்து சென்னை 645 கிலோமீற்றர். ஜெற் விமானத்துக்கு 800 என்று வைத்துக்கொண்டால் 48 நிமிடம், அரை மணித்தியாலம் சேர்த்தால் 1 மணி 18 நிமிடம். தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆனாலும் பறக்கிற நேரம் ஏறத்தாழ அதேதான்!

அதற்காகக் கட்டுநாயக்காவால் போகலாம் என்று யோசிக்காதீர்கள். அங்கிருந்து சென்னைக்கு வரைபடத்தில் கோடு இழுத்துப் பாருங்கள், அது யாழ்ப்பாணத்துக்கு மேலாலேயே போகும். இரவிரவாக பஸ்ஸில் தெற்கே போய், விடிய எங்கள் ஊருக்கு மேலால் பறக்கிற கூத்து எனக்கு ஒத்துவராது.

வீட்டுப் படலையிலிருந்து கணக்குப் பார்த்தால் கதை வேறு. நகரத்திலிருந்து பலாலிக்கு முக்கால் மணித்தியாலம், அங்கே இரண்டரை மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும், சென்னையில் குடிவரவும் பொதியும் ஒரு மணித்தியாலம். ஒன்றேகாலையும் சேர்த்தால் ஐந்தரை. எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லுங்கள். கடிகாரத்தைத் திருப்பத் தேவையில்லை. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்.

சென்னையில் வேறு விமானம் பிடிக்கிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே ரிக்கற்றில் போடப் பாருங்கள். தனித்தனியாக எடுத்தால் பொதியை வெளியே எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும், இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதற்கு இந்திய விசாவும் வேண்டும். இடையில் நாலு மணித்தியாலத்துக்குக் குறைய விடாதீர்கள்.