பரோக் புல்லாங்குழல் பதிவின் டெம்போ, ஸ்கேல், மூட்: காதால் கண்டுபிடிப்பது எப்படி?

பதிவை ஆப்பில் போட்டால் டெம்போ (வேகம்), ஸ்கேல், மூட் மூன்றையும் நொடியில் சொல்லிவிடும். ஆனால் பரோக் (சுமார் 1600–1750 கால ஐரோப்பிய இசை) பதிவுகளில் அந்த மூன்றுமே தப்பாக வரலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய பி மைனர் ஆர்கெஸ்ட்ரா சூட்டின் (பல நடனப் பகுதிகளின் தொகுப்பு; பாக் படைப்புப் பட்டியல் எண் பிடபிள்யூவி 1067) கடைசிப் பகுதியான பாடினரியை எடுத்துக்கொண்டு பழகுங்கள். சின்னது, எளிதில் கிடைக்கும், எல்லாச் சிக்கலும் இதிலேயே இருக்கிறது.

1. டெம்போ

2/4 தாளம், அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) இரண்டு அடி. முதல் பாதி 16 பார், அடுத்த பாதி 24 பார். இரண்டையும் திருப்பி வாசித்தால் 80 பார், அதாவது 160 அடி. 9600-ஐ வாசிப்பு நீடிக்கும் விநாடிகளால் வகுத்தால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வந்துவிடும்: 80 விநாடி என்றால் 120.

ட்ராக் நீளத்தை அப்படியே எடுக்காதீர்கள். முடிவில் 5 விநாடி மௌனம் சேர்ந்து 85 ஆகிவிட்டால் விடை 113-க்கு இறங்கிவிடும். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் தொடங்கும் இடம்வரை மட்டும் அளவிடுங்கள். இரண்டாம் பாதியை ஒருமுறைதான் வாசித்திருந்தால் 9600-க்குப் பதில் 6720.

ஆப் 240 என்று காட்டினால், அது ஒவ்வொரு அடியையும் இரண்டாக எண்ணியிருக்கிறது. ஒரு பாருக்கு இரண்டு தட்டு வருமாறு கைதட்டிப் பாருங்கள். சரியான அடி அதில்தான் கிடைக்கும்.

2. ஸ்கேல்

அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நோட்டேஷனில் பி மைனர். ஆனால் பழைய மரக்குழலில் (ட்ராவெர்சோ) வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏ=415 ஹெர்ட்ஸில் (ஏ என்ற சுரத்தை 415 அதிர்வில் வைத்து) சுருதி சேர்ப்பார்கள். இன்றைய 440-ஐவிட இது அரைச் சுரம் கீழே. அதனால் ஆப் பி ஃப்ளாட் மைனர் என்கிறது. 392-இல் சேர்த்திருந்தால் ஏ மைனர் என்றே சொல்லிவிடும்.

சுருதிப் பெட்டி ஆப்பில் 7 கட்டை (பி) வைத்து, தொடக்க அடிகளைக் கேளுங்கள். குழல் மேல் பி-யிலிருந்து பி, டி, எஃப் ஷார்ப் என்ற மூன்று சுரங்களை மட்டும் தொட்டுக்கொண்டு கீழ் பி வரை இறங்குகிறது. ஒட்டவில்லையா? 6½ கட்டை, பிறகு 6 என்று இறக்கிப் பாருங்கள். 6½-இல் ஒட்டினால் 415. டியூனரில் ஏ-யை 415 என்று மாற்றிக் கடைசிச் சுரத்தைச் சரிபாருங்கள். பி காட்ட வேண்டும். 442-இல் சேர்த்த இன்றைய குழுவென்றால், 440-இல் வைத்த டியூனரில் முள் லேசாக மேலே நிற்கும், அது பிழையல்ல.

முதல் பாதியின் முடிவை நம்பாதீர்கள். அது எஃப் ஷார்ப் மைனரில் போய் நிற்கிறது. டி மேஜர் என்று ஆப் காட்டுவதும் உண்டு, பி மைனருக்கும் அதற்கும் சுரங்கள் ஒன்றே என்பதால். நடுவே ஏ ஷார்ப் வந்து பி-க்கு ஏறுவதைக் கவனியுங்கள். கீரவாணியின் காகலி நிஷாதம் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும்.

3. மூட்

மைனர் என்றாலே சோகம் என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். இதே சூட்டின் சாராபாந்து என்ற நடனப் பகுதியும் பி மைனர்தான். மூன்றடித் தாளத்தில் மெதுவாக நகர, மேல்குரல் பாடுவதைக் கீழே பாஸ் (அடிக்குரல்) தொடர்ந்து எதிரொலிக்கிறது. அங்கே கனம், பாடினரியில் துள்ளல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு மூன்றைக் குறியுங்கள்: சுரங்கள் வெட்டி வெட்டி வருகின்றனவா, இழைந்து வருகின்றனவா? பாஸ் நடக்கிறதா, நிற்கிறதா? வாசிப்பவர் மூச்சை எங்கே எடுக்கிறார்?

குழலையும் பாருங்கள். ட்ராவெர்சோவில் ஏ ஷார்ப் போன்ற சுரங்களை விரல்களைக் குறுக்காக மாற்றி மூடித்தான் எடுக்க வேண்டும். ஒலி சற்று மங்கும். அந்த மங்கலால் அதே வேகமும் மென்மையாகத் தோன்றும். உலோகக் குழலில் எல்லாச் சுரமும் ஒரே பளபளப்பு, 120-கூட அவசரமாகக் கேட்கும். அதனால் குறிப்பில் மூடுக்குப் பக்கத்திலேயே குழலின் வகையையும் எழுதிவிடுங்கள்.