விரல் திறக்கும் பூட்டுக்குச் சாவி எது?

கைபேசியில் கைரேகையையோ முகத்தையோ பதிவு செய்தவுடன் கடவுச்சொல்லின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதே பலரும் செய்யும் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. கைபேசியில் உள்ள தரவுகளைப் பூட்டி வைக்கும் மறையாக்கத் திறவுகோல்கள், சில்லுக்குள் பதிந்திருக்கும் இரகசிய எண்ணையும் நாம் இடும் கடவுச்சொல்லையும் சேர்த்தே காக்கப்படுகின்றன. கைரேகைக்கு அதில் பங்கில்லை. கடவுச்சொல் ஒருமுறை இடப்பட்ட பின், பாதுகாப்புப் பகுதியில் காத்திருக்கும் திறவுகோலை விடுவிக்க இசைவு தருவது மட்டுமே கைரேகையின் பணி. அணைத்து மீண்டும் இயக்கிய கைபேசி விரலை ஏற்க மறுப்பது இதனால்தான், அது பழுதன்று.

எப்போதும் விரலால்தானே திறக்கிறோம் என்று கடவுச்சொல்லுக்கு 1234 என்றோ பிறந்த ஆண்டு என்றோ வைத்துவிடுவது அடுத்த தவறு. ஒரே விரல் பதிந்திருக்கும்போது வேறொருவரின் விரல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 50,000இல் 1க்கும் குறைவு என்று தன் கைரேகை வசதியான டச் ஐடி பற்றி ஆப்பிள் கூறுகிறது. நான்கு இலக்க எண்களோ மொத்தமே 10,000தான், அவற்றிலும் மக்கள் விரும்பித் தேர்பவை மிகச் சில. கைபேசியைத் திருடியவர் விரலோடு மல்லுக்கட்ட மாட்டார், எண்ணைத்தான் ஊகிப்பார். உண்மையில், அடிக்கடி தட்டச்சு செய்யத் தேவையில்லை என்பதே எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளக் கிடைத்த வசதி. பொது இடத்தில் அருகிலிருப்பவர் எட்டிப் பார்க்கும் வாய்ப்பும் அதனால் குறைகிறது. நீண்டது மறந்துபோகுமே என்பார்கள். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தால் கடவுச்சொல்லைக் கேட்கும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கேட்கும். எரிச்சலூட்டினாலும், நினைவைப் புதுப்பிக்கும் ஏற்பாடாகவே அதை நான் கருதுகிறேன்.

வீட்டாரின் விரல்களையும் பதிந்து வைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. கைரேகையை ஏற்கும் வங்கிச் செயலிக்குப் 'பொருந்தியது' என்ற விடை மட்டுமே போய்ச் சேர்கிறது. விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. கடவுச்சொல்லைச் சொல்லிக் கொடுப்பதோ அதைவிடப் பெரிய இசைவு, ஏனெனில் அதை அறிந்தவர் தம் விரலைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள முடியும். இந்த ஓட்டையைக் கருதியே 2024 ஜனவரியில் ஐபோனுக்கு வந்த திருட்டுக்கால பாதுகாப்பு வசதி, பழகிய இடங்களுக்கு வெளியே சில முக்கியச் செயல்களுக்குக் கடவுச்சொல்லை மட்டும் ஏற்காமல் முகத்தையோ விரலையோ கட்டாயம் கேட்கிறது.