ஃபித்ரா வசூல்: பெருநாள் தொழுகைக்கு முன் முடிக்க

ஃபித்ரா என்பது நோன்புப் பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் கட்டாயத் தர்மம். அதற்காக ரமலான் 20ஆம் நோன்புக்குள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதி) வீட்டுக்கணக்கை எடுத்துவிடுங்கள். ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) தலைக்கு ஒரு ஸாவு என்ற அளவு, சுமார் 2.5 கிலோ அரிசி, பச்சைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

ஃபித்ரா, ஜகாத் (செல்வத்தின் மீதான கட்டாயத் தர்மம்), ஸதக்கா (விரும்பிக் கொடுக்கும் தர்மம்) மூன்றுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம், தனித்தனி உண்டியல் வையுங்கள். பல ஜமாஅத்துகள் சறுக்குவது இங்கேதான். ஜகாத் குர்ஆன் சொல்லும் எட்டு வகையினருக்கே உரியது. பள்ளிவாசல் சுவருக்கு வெள்ளையடிக்க அதில் கைவைக்கக் கூடாது. ஒருமுறை கலந்த பணத்தைப் பிறகு பிரிக்க வழியில்லை.

ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்குப் பிந்திக் கொடுத்தால் அது சாதாரண தர்மமாகிவிடும். பிறை 29லேயே தெரிந்து மறுநாளே பெருநாள் வரலாம், ஆகவே 28ஆம் நோன்பன்றே பைகள் கட்டித் தயாராக இருக்கட்டும். யாரையும் வரிசையில் நிறுத்தாதீர்கள். இரவில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், படம் எடுக்கவே வேண்டாம். வரவுசெலவைப் பள்ளிப் பலகையில் ஒட்டுங்கள், வாங்கியவர் பெயர் இல்லாமல்.